கடைசி 33 நொடியும் காலியான ஐந்து இடங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ட்யூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 2025 ஏப்ரல் 5 அன்று சான் அன்டோனியோவில் நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியத் தொடர் அரையிறுதியில் அந்த அணி ஹூஸ்டனிடம் 67-70 என்று தோற்றதற்கு ஒரே காரணம் சொல்லி முடித்துவிட்டது. 20 நொடி மீதமிருக்கையில் டைரீஸ் ப்ராக்டர் தவறவிட்ட ஃப்ரீ த்ரோதான் (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) அந்தக் காரணம். 35 வெற்றி, 4 தோல்வி என்று முடித்த ஓர் அணியின் கணக்கை ஒரு பையனின் தலையில் கட்டுவது எளிது. ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தால் பயிற்சியாளர் ஜான் ஷையர் முடிவெடுத்திருக்கக்கூடிய இடங்கள் வேறு சில தெரியும். அடுத்த 2025-26 பருவத்துக்கு அவர் திரட்டியிருக்கும் அணியையும் அந்த இடங்களை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் ஆட்டத்தின் போக்கு. 8 நிமிடம் 17 நொடி இருக்கையில் ட்யூக் 14 புள்ளி முன்னிலை. சுமார் 3 நிமிடம் இருக்கையில் கூப்பர் ஃப்ளாக் ஒரு மூன்று புள்ளி போட்டு 64-55 ஆக்கினார். கடைசிப் பத்தரை நிமிடத்தில் ட்யூக் களத்திலிருந்து போட்ட ஒரே கூடை அதுதான். மற்றதெல்லாம் ஃப்ரீ த்ரோ. 33 நொடி இருக்கையில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் போட்ட மூன்று புள்ளி 67-61-ஐ 67-64 ஆக்கியது. அங்கிருந்து ஆட்டம் முடியும்வரை ட்யூக்குக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஷார்ப்பின் மூன்றையும் சேர்த்தால் கடைசி அரை நிமிடத்தில் ஹூஸ்டனுக்கு 9, ட்யூக்குக்கு 0. இதில் ப்ராக்டரின் கை பட்டது ஒரே ஒரு இடத்தில்.

பத்தரை நிமிட வறட்சிதான் மூல நோய் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் ஹூஸ்டன் தடுப்பாட்டத்தைப் பல ஆண்டாகப் பார்ப்பவர்களுக்கு அதன் சூத்திரம் தெரியும். பந்து வைத்திருப்பவருக்கு ஸ்கிரீன் வந்தால், அதாவது அவருடைய காவலரை ஒரு தோழர் மறித்து நின்றால், இருவர் அவர் மேல் பாய்வார்கள். இதுதான் பொறி. உள்ளே கூடையருகே ஆடும் உயர வீரரான சென்டருக்குப் பந்து போனால் எதிர்ப்பக்கத்து உயர வீரரும் ஓடிவந்து மறிப்பார். இதை உடைக்கும் வழி ஒன்றும் ரகசியமில்லை. ஸ்கிரீன் போட்டவர் கூடைவரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தை வாங்க வேண்டும். பந்து அவர் கைக்கு வந்ததுமே களம் நாலுக்கு மூன்று ஆகிவிடும். அங்கிருந்து ஒரே பாஸில் மூலையில் நிற்கும் ஷூட்டரிடமோ கூடையடிக்கு வெட்டி ஓடுபவரிடமோ பந்து போய்ச் சேர வேண்டும். இதற்கு வேண்டியது பாஸ் கொடுக்கத் தெரிந்த உயர வீரர். 7 அடி 2 அங்குல கமான் மலுவாச் மேலே தூக்கிப் போட்ட பந்தைப் பிடித்துக் கூடையில் திணிப்பதில் கெட்டிக்காரர், ஆனால் கோட்டருகே பந்தை வாங்கி முடிவெடுப்பது அவர் ஆட்டமே இல்லை. அந்த வேலையை நன்றாகச் செய்பவர் மலீக் ப்ரவுன். அவருடைய தோள்பட்டை ஏசிசி (ட்யூக் இருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பு) போட்டித்தொடரில் மறுபடி விலகியது. அதன்பின் முழு அளவில் களத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஆக, பொறியை உடைக்கும் சாவி பெஞ்சில் கிடந்தது.

முன்னிலையில் இருக்கும்போது நேரத்தைக் கரைப்பதைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது ஓர் அணி கூடைக்கு எறிந்தாக வேண்டிய நேர வரம்பு, 30 நொடி. 8 நிமிடம் 17 நொடி என்பது 497 நொடி. இரு அணியும் வாய்ப்புக்கு 16, 17 நொடி எடுத்தால் ஆளுக்குப் பதினைந்து வாய்ப்பு வரும். முன்னிலை அணி மட்டும் 25 நொடி இழுத்தடித்தால் ஆளுக்குப் பன்னிரண்டு. மிச்சப்படுவது மூன்று வாய்ப்பு. அதற்குக் கொடுக்கும் விலையோ, சொந்த அணியின் பன்னிரண்டு வாய்ப்பும் கிளாக்கில் 5 நொடி இருக்கையில் அவசரமாக எறியும் ஷாட்டாக மாறுவது. பொறி வைத்துப் பிடிக்கும் ஹூஸ்டனிடம் இந்தப் பேரம் இன்னும் மோசம், ஏனென்றால் பந்தை அதிக நேரம் கையில் வைத்திருப்பதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். கிளாக்கில் 20 இருக்கும்போதே முதல் பொறியை வரவழைத்து உடைத்துவிட்டு, நல்ல ஷாட் இல்லையென்றால் மட்டும் பந்தை வெளியே எடுத்து இரண்டாவது முறை தொடங்குவது சரியான நடை.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது தவறிய பந்தை மீட்பது. மலுவாச் 21 நிமிடம் ஆடி ஒரு ரீபவுண்ட்கூட எடுக்கவில்லை. கேட்டவுடன் நம்ப முடியாத எண்தான். ஆனால் சோம்பலால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஹூஸ்டன் ஷாட் எறிந்ததும் தயங்காமல் பல பேரைக் கூடைப் பக்கம் அனுப்பும் அணி. கூடையைக் காக்கும் சென்டர் ஷாட்டைத் தடுக்க மேலே எழும்பினாலோ உதவிக்கு ஓரடி வெளியே வந்தாலோ அவர் விட்ட இடத்தில் எதிரணி முதுகு கொடுத்து நின்றுவிடும். அப்போது பாக்ஸ் அவுட் (எதிராளியை முதுகால் தடுத்து இடம்பிடிப்பது) செய்ய வேண்டியது எதிர்ப்பக்கத்து கார்டு, அதாவது கூடைக்குத் தள்ளி ஆடும் வீரர். அவரோ மூலையில் நிற்கும் ஷூட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து காற்றில் இருக்கும்போது பந்தைப் பார்ப்பவன் ரீபவுண்ட் எடுக்க மாட்டான், ஆளைத் தேடி முதுகால் முட்டுபவன்தான் எடுப்பான். மாணவர்களுக்கு இதைப் பழக்குவது பயிற்சியிலேயே சலிப்பான பகுதி, அதனால்தான் பருவக் கடைசியில் அது தேய்ந்துபோகிறது.

அந்த 33 நொடிக்கு வருவோம். கடைசி ஒரு நிமிடத்தில் கூடை விழுந்ததும் கடிகாரம் நின்றுவிடும் என்பது அங்குள்ள விதி. எனவே ஷார்ப் போட்டதும் ஹூஸ்டன் டைம் அவுட் செலவழிக்காமலே தன் பிரெஸ்ஸை (எதிரணி பந்தை உள்ளே எறியும் இடத்திலேயே நெருக்கும் தடுப்பை) நிறுத்திக்கொள்ள முடிந்தது. எல்லைக்கோட்டிலிருந்து ட்யூக் எறிந்த பந்தை மைலிக் வில்சன் பறித்தார், மூன்று புள்ளிக்கு முயன்று தவறினார், விழுந்த பந்தை ஜோசப் டக்ளர் பிடித்துத் திணித்தார். 25 நொடி இருக்கையில் 67-66. சற்று முன்புதான் இதே டக்ளர், பந்தை உள்ளே எறிய நின்ற ட்யூக் வீரரின் கையிலேயே பந்தைத் தட்டிவிட்டு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கியிருந்தார். ஹூஸ்டன் எல்லைக்கோட்டில் எவ்வளவு நெருக்குகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய முன்னெச்சரிக்கை வேண்டியதில்லை.

கூடை விழுந்த பிறகு பந்தை உள்ளே எறிபவர் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் ஓடலாம், கோட்டுக்கு வெளியே நிற்கும் இன்னொரு தோழருக்கும் எறியலாம். அவருக்கு இருப்பது 5 நொடி. இந்தச் சலுகையைப் பயன்படுத்துவதுதான் பிரெஸ்ஸை உடைப்பதன் முதல் பாடம். நால்வரும் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் ஸ்கிரீன் போட்டு, ஒருவர் பந்தை நோக்கி வர, ஒருவர் எதிர்த்திசையில் நடுக்கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். மூலைக்கு எறியக்கூடாது, எல்லைக்கோடும் பக்கக்கோடும் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு ஆள் மாதிரி வேலை செய்யும். மனதுக்குள் எண்ணும்போது நான்கு ஆகிவிட்டால் டைம் அவுட். எறிபவர் பாஸ் கொடுத்த மறுகணம் உள்ளே நுழைந்து பந்தைத் திரும்ப வாங்கத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நொடியில் காவலில்லாத ஒரே ஆள் அவர்தான்.

இப்போது அந்த ஃப்ரீ த்ரோ. உலகக் கூட்டமைப்பின் விதிகளில் ஆடுபவர்களுக்கு 'ஒன் அண்ட் ஒன்' பழக்கமில்லாதது, அதனால் விளக்குகிறேன். நம் ஆட்டங்களில் ஒரு கால் பகுதியில் ஐந்தாவது ஃபவுல் முதல் இரண்டு த்ரோ கிடைக்கும். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்திலும் அதுவே. ஆண்கள் மட்டும் இன்னும் 20 நிமிடப் பாதியாகவே ஆடுகிறார்கள். ஒரு பாதியில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஃபவுலுக்கு முதல் த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது உண்டு, பத்திலிருந்துதான் இரண்டும் உறுதி. 70 சதவீதம் போடும் ஒருவருக்கு இரண்டு த்ரோ உறுதியாகக் கிடைத்தால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 9 சதவீதம், சராசரி 1.4 புள்ளி. அவரே ஒன் அண்ட் ஒன்னில் நின்றால் வெறுங்கை 30 சதவீதம், சராசரி 1.19. 90 சதவீதம் போடுபவருக்கு அதே ஒன் அண்ட் ஒன் 1.71 தரும். அந்த அணியில் 90 சதவீதத்துக்கு மேல் போட்ட கான் கனிப்பல் இருந்தார். 25 நொடி, ஒரு புள்ளி முன்னிலை, எதிரணி ஃபவுல் செய்தே தீரும் என்ற நிலையில், பந்து அவர் கைக்கு முதலில் போவதற்கான ஏற்பாடு இருந்ததா என்பதே சரியான கேள்வி. ஹூஸ்டனும் அவரை மறைத்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அப்படி மறைப்பார்கள் என்று தெரிந்தே அவருக்கு இரட்டை ஸ்கிரீன் வைப்பதுதான் பயிற்சியாளரின் வேலை.

ஃப்ரீ த்ரோ தவறியதைவிட அடுத்த அரை நொடி எனக்கு உறுத்துகிறது. தவறிய பந்துக்காகப் பாய்ந்த ஃப்ளாக், ஜேவான் ராபர்ட்ஸின் முதுகின் மேல் ஏறினார் என்று ஃபவுல் தரப்பட்டது. ஹூஸ்டனும் போனஸில் (ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும் நிலையில்) இருந்ததால் ராபர்ட்ஸ் மறுமுனைக்குப் போய் இரண்டையும் போட்டார், 19.6 நொடியில் 68-67. ஃப்ரீ த்ரோ கட்டத்தில் எதிரணிக்கு நான்கு இடம், எறியும் அணிக்கு இரண்டு. கூடையை ஒட்டிய இடங்கள் எதிரணிக்கே. இந்த அமைப்பில் எறியும் அணி பந்தை மீட்பது பத்தில் ஒன்றிரண்டு தடவைதான். ஒரு புள்ளி முன்னிலையில், 20 நொடி இருக்கையில், அந்தச் சிறு வாய்ப்புக்காக ஆளை அனுப்புவதா, எறிபவரைத் தவிர மற்ற நால்வரையும் பின்னால் இழுத்து நிறுத்துவதா? இழுத்திருந்தால் ஹூஸ்டன் 94 அடி நீளக் களத்தைக் கடந்து, ஐந்து பேர் காத்து நிற்கும் தடுப்புக்கு எதிரே ஷாட் எடுக்க வேண்டியிருந்திருக்கும். கடிகாரம் ஓடாமலே இரண்டு இலவச த்ரோ கிடைத்திருக்காது. அந்த ஃபவுல் கொடுத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் அமெரிக்காவில் பல நாள் ஓடியது. நடுவரின் ஊதலைப் பயிற்சியாளர் கட்டுப்படுத்த முடியாது, ஊத வாய்ப்புத் தராமல் இருப்பது அவர் கையில் உண்டு.

கடைசி ஷாட்டை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 27 புள்ளி போட்டிருந்த ஃப்ளாக்குக்குக் கூடையருகே ஒற்றைக்கு ஒற்றை ஷாட் கிடைத்தது. எட்டு நொடி மிச்சமிருந்ததால் விழாவிட்டாலும் ஃபவுல் செய்து ஆட்டத்தை நீட்டிக்க நேரமிருந்தது. பந்து குட்டையாக விழுந்தது. எல்.ஜே. க்ரையர் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு 70-67 ஆக்கினார். அவ்வளவுதான்.

கட்டுரையில் இடம்பெறாத ஒன்று: தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த உதவிப் பயிற்சியாளர் ஜெய் லூகாஸ், மயாமி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக மார்ச் மாதத்திலேயே, தேசியப் போட்டித்தொடர் தொடங்கும் முன்பே போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. வீரர்கள் கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2025-ல் மார்ச் 24 அன்று திறந்து ஏப்ரல் 22 அன்று மூடியது. புதிய கல்லூரிக்குப் போகிற பயிற்சியாளர் அதற்குள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அரையிறுதிவரை வந்த அணிக்கோ தலைகீழ்த் தண்டனை: ஏப்ரல் 5 அன்று ட்யூக் தோற்றபோது முப்பது நாளில் பன்னிரண்டு நாள் கழிந்திருந்தது. நன்றாக ஆடினால் சந்தைக்குப் பிந்திப் போக வேண்டும் என்பது விசித்திரமான ஏற்பாடாக இருந்தது.

இனி அணி. 2025 ஜூன் 25, 26 தேதிகளில் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரர் தேர்வான டிராஃப்ட்டில் தொடக்க ஐவரும் போய்விட்டார்கள். ஃப்ளாக் முதலிடத்தில் டாலஸ், கனிப்பல் 4-ஆம் இடத்தில் ஷார்லட், மலுவாச் 10-ஆம் இடத்தில் தேர்வாகி ஃபீனிக்ஸ் கைக்கு, சயான் ஜேம்ஸ் 33-ல் ஷார்லட், ப்ராக்டர் 49-ல் க்ளீவ்லாண்ட். இதை வைத்து 'ட்யூக் காலி' என்று எழுதுவது தவறு. அதற்கு முந்தைய ஆண்டை நினைவுபடுத்துகிறேன். 2024-ல் என்.சி. ஸ்டேட்டிடம் 64-76 என்று தோற்று வெளியேறிய பிறகு ஏழு பேர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள், இருவர் என்பிஏவுக்குப் போனார்கள். முக்கியமாக ஆடியவர்களில் தங்கியது ப்ராக்டரும் கேலப் ஃபாஸ்டரும்தான். 2025-26 பருவத்துக்கு ஃபாஸ்டர், ஐசையா எவன்ஸ், பேட்ரிக் கோங்பா, ப்ரவுன், டாரன் ஹாரிஸ் ஆகிய ஐவர் தங்கியிருக்கிறார்கள். புதிதாகக் கேமரன், கேடன் பூசர் இரட்டையர் வருகிறார்கள். 2001-ல் ட்யூக் பட்டம் வென்ற அணியில் ஆடிய கார்லோஸ் பூசரின் மகன்கள். நிக்கோலஸ் கமேனியாவும், பார்சிலோனாவில் ஆடிய இத்தாலியரான டாமே சாரும் சேர்கிறார்கள்.

மேலே சொன்ன ஓட்டைகளில் எதை இந்த அணி அடைக்கிறது? ரீபவுண்ட் பெரும்பாலும் அடைபடும். கேமரன் பூசர் உயரத்தை நம்பாமல் இடத்தை முதலில் பிடிப்பவர், பாஸும் தெரிந்தவர். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி முடிவெடுக்கும் ஆளாக அவரும், தோள் தேறினால் ப்ரவுனும் இருப்பார்கள். பொறியை உடைக்கும் சாவி இப்போது இரண்டு. எவன்ஸ் ஷூட்டர், கை சூடேறினால் ஐந்தாறு மூன்று புள்ளிகளை வரிசையாகப் போடுவார். ஆனால் சென்ற பருவத்தில் பெஞ்சிலிருந்து வந்து எறிந்தவர் இந்தப் பருவத்தில் எதிரணியின் சிறந்த காவலரை முப்பது நிமிடம் முதுகில் சுமக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலையல்ல.

அடைபடாதது பந்து கொண்டுபோகும் இடம். ஃபாஸ்டர் சென்ற பருவத்தில் தொடக்க இடத்தை ஜேம்ஸிடம் இழந்தவர், கேடன் பூசர் முதலாண்டு மாணவர். இருவருக்கும் நடுவே வயதும் தழும்பும் உள்ள ஒரு கார்டு இல்லை. ஹூஸ்டன் பக்கம் பாருங்கள். ராபர்ட்ஸ் ஆறாம் ஆண்டுக்காரர், க்ரையர் 2021-லேயே பேலர் பல்கலைக்கழக அணியில் பட்டம் வென்றவர். ஹூஸ்டனை 65-63 என்று இறுதியில் வென்ற ஃப்ளோரிடாவின் மூன்று கார்டுகளும் வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்த மூத்தவர்கள். முதலாண்டு வீரர்களைத் தூணாக வைத்துப் பட்டம் வென்ற கடைசி அணி 2015-இன் ட்யூக். அதிலும் க்வின் குக் என்ற இறுதியாண்டு கார்டு இருந்தார்.

இந்த இடத்தில் ஷையர் நிர்வாகம் ஒரு பிழை செய்தது என்பது என் கருத்து. வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து மாற ஒப்புக்கொண்ட செட்ரிக் கவர்ட், என்பிஏ தேர்விலிருந்து பெயரை விலக்கிக்கொள்ளும் மே 28 கெடுவரை அந்தக் கதவையும் திறந்து வைத்திருந்தார். கடைசியில் கல்லூரிக்கு வரவில்லை, 11-ஆம் இடத்தில் தேர்வானார். அவருக்கு அது சரியான முடிவு. அணிக்கோ, போர்ட்டல் மூடி ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு மூத்த வீரரின் இடம் காலியானது. கெடு இருக்கும் வீரரை எடுக்கும்போது அதே இடத்துக்கு இன்னொரு மூத்தவரையும் ஏப்ரலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட 2025 ஜூன் 6 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அணிக்கு 15 பேர்வரை வைத்துக்கொள்ளலாம், முன்பிருந்த உதவித்தொகை வரம்பு 13. இடம் இருந்தது. பணம் வேறு விஷயம். ஒரு கல்லூரி எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து 2025-26-ல் நேரடியாகத் தரக்கூடியது 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்து விழுங்கிவிடும்.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கியதும் உங்கள் செய்தியாளர் ஸ்கோரை மட்டும் எழுதாமல் மூன்று விஷயங்களைக் கவனித்து எழுதினால் வாசகர்களுக்குப் பயன்படும். நெருக்கமான ஆட்டத்தில் கடைசி நிமிடம் பந்தை உள்ளே எறிய யார் நிற்கிறார், பாஸ் முதலில் யாரைத் தேடிப் போகிறது, ட்யூக் முன்னிலையில் இருந்து ஃப்ரீ த்ரோ எறியும்போது எத்தனை பேர் நடுக்கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர் ஒருவர்